காலி வேனில் தேறிய விளக்கு: சரக்கு வாகன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் வேனும் லாரியும் வைத்துத் தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

விடியற்காலை நான்கு மணிக்கு பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து தேக்காவுக்குக் காய்கறி ஏற்றி வரும் வேன், மளிகைக் கடைகளுக்கு அரிசி கொண்டுபோகும் லாரி, விருந்து முடிந்து அண்டா குண்டாவோடு நள்ளிரவில் திரும்பும் கேட்டரிங் வண்டி. இவற்றை ஓட்டும் தம்பிகளிடம் சொல்வதைவிட, இவற்றை அனுப்பி வைக்கும் உங்களிடம் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பதால் இந்த மடல். விஷயம், எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் ஹெட்லைட்.

கண் கூசினால் நாம் பல்பைத்தான் திட்டுகிறோம். எல்இடி வந்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று சொல்லாதவர் இல்லை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருகிறோம். ஆனால் சரக்கு வாகனங்களில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம் எவ்வளவு என்பதை அல்ல, அது எந்தப் பக்கம் போகிறது என்பதை.

உங்கள் வேன் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. பத்து வயது தாண்டியதென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அங்கே ஹெட்லைட் மட்டத்தையும் கருவி வைத்துப் பார்க்கிறார்கள், தேறிவிடுகிறது. தேறியது காலி வேன். சாலையில் ஓடுவது மூட்டை ஏற்றிய வேன்.

கணக்கு எளிது. லோ பீம் விளக்கு, அதாவது இரவில் வழக்கமாகப் போட்டு ஓட்டும் தாழ்ந்த ஒளி, நேராகப் பார்ப்பதில்லை, சற்றே குனிந்து பார்க்கும்படி வைக்கப்படுகிறது. வழக்கமான குனிவு 1 சதவீதம்: ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒளியின் மேல் விளிம்பு 10 சென்டிமீட்டர் இறங்கும். தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால் அந்த விளிம்பு 80 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். யாருக்கும் உபத்திரவம் இல்லை. இப்போது பின்பக்கம் மூட்டைகளை அடுக்குங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள வேன், பின்னால் வெறும் 5 சென்டிமீட்டர் அமுங்கினால் வண்டி முழுவதும் 2 சதவீதம் மூக்கைத் தூக்கும். 1 சதவீதம் குனிந்திருந்த விளக்கு 1 சதவீதம் நிமிர்ந்துவிடும். 20 மீட்டர் முன்னால் போகும் காரில் அது 1 மீட்டர் உயரத்தில் விழும். பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி இருக்கும் உயரம் ஏறக்குறைய அதுதான். 40 மீட்டரில் 120 சென்டிமீட்டர். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் அங்கேதான் இருக்கிறது. பல்பு பழைய 55 வாட் ஹாலஜன்தான், தூரத்துக்கு அடிக்கும் ஹை பீம் போடவில்லை, சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் எதிரே வருபவருக்கு ஹை பீம் அடித்ததுபோலத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து பெரும்பாலான வேன்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்து டாஷ்போர்டில், விளக்குப் படம் போட்ட ஒரு சின்னத் திருகு சக்கரம். 0, 1, 2, 3 என்று எண்கள், சில வண்டிகளில் 5 வரை. எண் கூடக்கூட விளக்கு குனியும். பல வண்டிகளில் இது வாங்கிய நாளிலிருந்து 0-இலேயே தூசி படிந்து கிடக்கிறது. எந்தச் சுமைக்கு எந்த எண் என்று ஓட்டுநருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நீங்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து எழுதி ஒட்டிவிடலாம்.

சரக்குக் கிடங்கில் சமதளமான தரையும் அதன் முன்னே வெறும் சுவரும் உள்ள இடம் போதும். முதலில் டயர் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அளவுக்கு, குறிப்பாகப் பின் டயர்களில் சுமைக்கான அளவுக்கு நிரப்புங்கள். காலி வேனைச் சுவருக்கு நேராக, விளக்கின் கண்ணாடியிலிருந்து சுவர் சரியாக 5 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டாஷ்போர்டில் உள்ள திருகு சக்கரம் 0-இல் இருக்கட்டும். தரையிலிருந்து விளக்கின் மையம் வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் நீளமாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். விளக்குக் கூட்டின் மேலோ பானட் அடியிலோ 1.0%, 1.2%, 1.3% என்று ஓர் எண் அச்சிட்டிருந்தால் அதை 5-ஆல் பெருக்கினால் வருவதே உங்கள் வண்டிக்கான இறக்கம், 1.3 என்றால் 6.5 சென்டிமீட்டர்.

லோ பீம் போட்டால் சுவரில் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு கீழ் டேப்பில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். பொதுவாக இரண்டு திருகுகள்: ஒன்று மேல் கீழாக, மற்றது இடம் வலமாக. மேல் கீழ்த் திருகை மட்டும் தொடுங்கள், ஒவ்வொரு முறையும் கால் சுற்று. ஒரு விளக்கை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது, இல்லையென்றால் இரண்டு ஒளியும் கலந்து ஏமாற்றும்.

பிறகுதான் முக்கியமான பாதி. வழக்கமாக ஏற்றும் சரக்கை, வழக்கமாக ஏற்றும் விதத்திலேயே ஏற்றுங்கள். 25 கிலோ மூட்டை இருபது வைத்தாலே அரை டன். வேனை அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தால் கோடு மேல் டேப்பைத் தாண்டி ஏறியிருப்பது கண்ணுக்கே தெரியும். சுமையில் விளக்கின் உயரமும் சற்று மாறியிருக்கும். அதையும் அளந்து டேப்புகளை நகர்த்திவிட்டு, கோடு கீழ் டேப்புக்குத் திரும்பும்வரை திருகு சக்கரத்தைத் திருப்புங்கள். நின்ற எண்ணை ஒரு ஸ்டிக்கரில் ‘காலி 0, பாதி 1, முழுச் சுமை 3’ என்பதுபோல எழுதிச் சக்கரத்தின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஓட்டுநருக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள்; தமிழோ வங்காளமோ, எதுவானால் என்ன. சுமை இறக்கியபின் 0-க்குத் திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் காலி வண்டியின் விளக்கு பம்பருக்கு முன்னாலேயே விழும், பாதை தெரியாத ஓட்டுநர் ஹை பீம் போட்டுவிடுவார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை.

டாஷ்போர்டில் திருகு சக்கரமே இல்லாத பழைய வண்டியா? பட்டறையில், அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் தாழ்வான பக்கமாக வைத்துத் தரச் சொல்லுங்கள். அதோடு, கனமான மூட்டைகளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறத் தடுப்பை ஒட்டி அடுக்கச் சொல்லுங்கள். பின் அச்சுக்கும் பின்னால், கதவை ஒட்டி வைக்கும் ஒவ்வொரு மூட்டையும் நெம்புகோல்போல வண்டியின் மூக்கைத் தூக்கும். இறக்க வசதி என்று அங்கேதான் எல்லாரும் வைக்கிறார்கள். காலியாக இருக்கும்போதே பின்பக்கம் தணிந்து நிற்கும் வண்டிக்கு இதெல்லாம் போதாது, பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இனி பல்பு. ஹாலஜன் விளக்குக் கூட்டில் எல்இடி பல்பு மாட்டுவது ஏன் தகராறு என்றால், அந்தக் கூட்டின் உட்குழிவு ஒரு மெல்லிய இழைச் சுருள் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. பல வேன்களில் இருக்கும், லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி இழை உள்ள எச்4 வகைப் பல்பைக் கழற்றிப் பார்த்தால் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் தெரியும். வெளிச்சம் கீழ்ப்புறக் குழிவில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அதுதான். எல்இடி பல்பில் இழைக்குப் பதில் ஒரு தகட்டின் இரு பக்கமும் சில்லுகள். அவை இழை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே சுவரில் அந்தக் கூரான கோடு கரைந்து, வெளிச்சம் மேலே சிதறும். அப்புறம் திருகை எவ்வளவு திருகினாலும் சரிவராது. ஓட்டுநருக்கோ முன்னால் சாலை பளிச்சென்று தெரியும், விளக்கு பிரமாதம் என்பார். தொழிற்சாலையில் பொருத்தாத ஹெச்ஐடி விளக்குக்கு, அதாவது இழை இல்லாமல் வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்குக்கு, இங்கே அனுமதியே இல்லை. மற்ற எதை மாற்றுவதானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். அபராதம் வந்தால் அது பல்பு விலையில் நிற்காது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் முழு விளக்குக் கூட்டிலும் ஒரு பொறி உண்டு. பலவகை விளக்குகளில் அந்த ஒளிக்கோடு ஒரு பக்கம் சரிவாக மேலேறும், சாலையோரத்தையும் நடப்பவரையும் காட்டுவதற்காக. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே அது இடப்பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு. ஒவ்வொரு எதிர் வண்டியின் முகத்திலும் நேராக அடிக்கும். சுவர் முன்னே நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பல உரிமையாளர்கள் பல்பு மாற்ற ஓடுவதற்குக் காரணம் பல்பே அல்ல, விளக்கின் முன்மூடி. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் இந்த ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் மஞ்சள் பூத்து மங்கும். மங்கிய மூடி சாலைக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைத்து, மிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும்: ஓட்டுபவருக்கும் இருட்டு, எதிரே வருபவருக்கும் கூச்சம். அதற்குள் இன்னும் பிரகாசமான பல்பைப் போட்டால் சிதறலும் சேர்ந்து கூடும். சுற்றியுள்ள பெயிண்டை டேப் ஒட்டி மறைத்து, 800, பிறகு 1500, பிறகு 3000 எண் உப்புத்தாளால் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் சில மாதங்களில் பழைய கதைதான்.

ஸ்பிரிங், பம்பர், விளக்கு எதில் பட்டறை கை வைத்தாலும் வண்டியை எடுக்கும்முன் ஹெட்லைட் மட்டம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

சாமான் இறக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் எதிர்ப்புறமாக ஓரங்கட்டி, ஹெட்லைட்டை எரியவிட்டபடியே மூட்டை இறக்குகிறார்கள். வருகிறவருக்கு அந்த வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்றே புரியாது, அதைச் சுற்றி நடமாடும் உங்கள் ஆட்களும் தெரியமாட்டார்கள். நிறுத்தியதும் சிறு விளக்குக்கு மாற்றட்டும். லாரியின் பின்னால் இருக்கும் வேலை விளக்கும் அப்படியே; அதை அணைக்காமல் விரைவுச்சாலை ஏறும் லாரிகள் இருக்கின்றன.

உங்கள் ஓட்டுநர்களும் கூச்சத்துக்குத் தப்பியவர்கள் அல்லர். வெயிலில் காயும் டாஷ்போர்டிலிருந்து எழும் ஆவி முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படியும். பகலில் தெரியாது, இரவில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டம் போடும். வாரம் ஒருமுறை உட்புறத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வைப்பர் ரப்பரையும் கோடு விழத் தொடங்கியதும் மாற்றுங்கள். மூத்த ஓட்டுநர் ‘முன்னைப்போல இல்லை, கண் கூசுகிறது’ என்றால் சாக்கு என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குள் ஒளி சிதறுவது வயதோடு கூடும். கூச்சத்தைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தின்படி 70 வயதில் அது இளம் வயதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள், இரவில் ஓட்ட என்று விற்கும் மஞ்சள் மூக்குக்கண்ணாடியை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தக் கண்ணாடி எதிர்விளக்கு அடிக்கும்போது பாதசாரியைக் கண்டுகொள்ள உதவவில்லை என்றே தெரிந்தது. இருக்கிற வெளிச்சத்தையும் அது கொஞ்சம் தின்றுவிடும்.

தீபாவளி நெருங்கும் வாரங்களில் உங்கள் வண்டிகள் ஆண்டிலேயே அதிகச் சுமையோடு ஓடும். அதன் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வரும், ஈரச் சாலை ஒவ்வொரு விளக்கையும் இரண்டாகக் காட்டும். அதற்கு முன்பே கிடங்குச் சுவரில் அந்த இரண்டு கோடுகளைப் போட்டுவிடுங்கள். டேப் உரிந்துவிடும், பெயிண்டிலேயே போடுங்கள். தரையில் 5 மீட்டர் தள்ளி, விளக்கு வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குறி. வண்டிக்கு வண்டி விளக்கின் உயரம் மாறும் என்பதால் ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் அந்த வண்டியின் எண்ணை எழுதி வையுங்கள். பாரம் ஏற்றி முடித்ததும் ஓட்டுநர் லைட்டைப் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

இப்படிக்கு,
வாகன விளக்கு வேலை தெரிந்த சிலர்,
சிங்கப்பூர்