அண்ணன் வீட்டு சீரை மறந்துட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல சமயபுரம் மாரியம்மன் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், போட்டோ எல்லாம் சூப்பர், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கதைய பாதியிலயே நிறுத்திட்டீங்க, அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

அம்மன் ஆதியில ஸ்ரீரங்கத்துல வைஷ்ணவியா இருந்தா, உக்கிரம் தாங்க முடியாம ஜீயர் வெளிய கொண்டுபோகச் சொன்னாரு, தூக்கிட்டு வடக்க போனவங்க இனாம் சமயபுரத்துல எறக்கி வச்சு இளைப்பாறிட்டு அப்பறம் இப்ப கோயில் இருக்குற கண்ணனூர் காட்டுல விட்டுட்டு வந்துட்டாங்க, ஊர்ஜனங்க பாத்துட்டு கண்ணனூர் மாரியம்மன்னு கும்புட ஆரம்பிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. சரிதான், எங்க அப்பாயியும் இதையேதான் சொல்லும். ஆனா அப்பாயி அதோட நிறுத்தாது. "போன்னு சொன்ன வீட்டுலேர்ந்துதான்டி இன்னிக்கும் சீர் வருது"ன்னு ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க, அங்கதான் கதையே இருக்கு.

தைப்பூசத்துக்கு அம்மன் கண்ணாடிப் பல்லக்குல ஏறி சமயபுரத்துலேர்ந்து கொள்ளிடக் கரைக்கு வருவா, வழி நெடுக மண்டகப்படி, ஒவ்வொரு எடத்துலயும் நின்னு நின்னுதான் வரணும், வடகாவேரின்னு சொல்ற அந்த எடத்துல தீர்த்தவாரி, அதான் சாமி ஆத்துல நீராடுறது, நடக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். அங்கேர்ந்து ரங்கநாதர் தன் தங்கச்சிக்கு பட்டுப்புடவை, மாலை, பழம்னு தட்டுத் தட்டா மேளதாளத்தோட அனுப்பி வைப்பாரு. வைணவ கோயில்லேர்ந்து மாரியம்மனுக்கு பொறந்த வீட்டு சீர், இத நீங்க ஒரு வரி கூட எழுதலையே சார். நான் மொதல் தடவ பாத்தது கல்யாணம் ஆன வருஷம். எனக்கு அண்ணன் கெடையாது, தலைப்பொங்கலுக்கு சீர் கொண்டாரவும் ஆள் இல்ல, அந்தத் தட்டுங்க கூட்டத்துக்கு நடுவுல வரிசையா போனப்ப பக்கத்துல நின்ன ஒரு அக்கா "அவளுக்கு மட்டும் கொறையே இல்ல பாரு"ன்னு மூக்க உறிஞ்சுச்சு, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அடுத்தது பச்சைப் பட்டினி. அத 28 நாள் விரதம்னு ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க. யாரு விரதம் இருக்கான்னு சொல்ல வேணாமா? மத்த கோயில்ல சாமிக்காக நாம இருப்போம், இங்க நமக்காக சாமி இருக்கா. மாசி கடைசி ஞாயித்துக்கெழம பூச்சொரியல் ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும் சமைச்ச தளிகை கெடையாது, துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவ்வளவுதான். துள்ளு மாவுன்னா பச்சரிசிய ஊறப்போட்டு இடிச்சு வெல்லம் கலக்குறது, இடிக்கையில வெல்லத்தோட ஈரத்துல கை பிசுபிசுன்னு ஆகி கழுவுனாலும் ஏலக்கா வாசம் போகாது. எங்க வீட்டுல அந்த மாசம் கவிச்சியே ஏறாது. ஒரு தடவ அப்பா மறந்தாப்ல கருவாடு கேட்டுட்டாரு, அம்மா அடுப்புலேர்ந்து திரும்பாமயே "அவ அங்க பட்டினி கெடக்குறா, உங்களுக்கு இங்க கருவாடு கேக்குதாக்கும்"னுச்சு. அப்பறம் அவரு வாயே தொறக்கல. மகிஷன வதம் பண்ணுன சூடும் கோவமும் தணியத்தான் அவ இப்படி கெடந்தா, அந்த சூட்டுக்குத்தான் பூவக் கொட்டுறோம்னு சொல்லுவாங்க.

கட்டுரையில அம்மை நோய் தெய்வம்னு மட்டும் போட்டது எனக்கு ஒப்பல. பெரியம்மை ஒழிஞ்சிருச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 1980லயே அறிவிச்சாச்சு, சமயபுரத்துல கூட்டம் கொறஞ்சிருச்சா? இன்னிக்கும் வீட்டுல சின்னம்மை வந்தா வேப்பிலைதான் சொருகுறோம் வாஸ்தவந்தான். ஆனா கரும்புத் தொட்டில்ல புள்ளய போட்டு ரெண்டு பேரு தோள்ல தூக்கிட்டு கோயில சுத்தி வர்றாங்களே, அவங்க எந்த நோய்க்கு வர்றாங்க? சித்திரை தேருக்கு புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கமிருந்தெல்லாம் மஞ்சத்துணி கட்டிட்டு ராவோட ராவா தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்து வர்ற ஜனம்? இதுல புரோக்கருங்க தொல்லை வேற, எங்க சித்திகிட்ட சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்னு ஒரு ஆளு 500 ரூபா வாங்கிட்டு அதே பொது வரிசையில நிக்க வச்சுட்டு போயிட்டான், அது தனிக்கதை.

இன்னொண்ணு, மூலவருக்கு பாலாபிஷேகம் நடக்குதுன்னு போட்டிருக்கீங்க, தப்பு. மூலவர் மூலிகையெல்லாம் சேத்து செஞ்ச உருவம், அதனால அபிஷேகம் உற்சவருக்குத்தான். அடுத்த இதழ்ல ஒரு மூலையிலயாவது திருத்தம் போடுங்க.

கண்ணனூர் காடு காடுன்னு எழுதுறீங்க, பக்கத்துலயே கர்நாடகத்து ராஜவம்சமான ஒய்சாளர் கட்டுன போஜீஸ்வரர் கோயில் இருக்கு, 13ஆம் நூற்றாண்டுல அவங்க ராஜா வீரசோமேஸ்வரன் இங்க தலைநகர் வச்சு ஆண்டிருக்கான். அத எட்டிப் பாக்க உங்க ஆளுக்கு நேரமில்ல போல, பரவால்ல.

வர்ற தைப்பூசத்துக்கு போட்டோகிராபர அனுப்புங்க. கோயிலுக்கு வேணாம், நேரா கொள்ளிடக் கரைக்கு வரச் சொல்லுங்க. சாயங்காலமே வந்து எடம் புடிச்சாத்தான் உண்டு, சீர்தட்டு வர்றப்ப முன்னாடி நிக்கிற பொம்பளைங்க ஒருத்தரும் நகர மாட்டாங்க, நானும் நகர மாட்டேன்.

இப்படிக்கு,
லால்குடி பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி