ஆலோசகரை நாங்களே தெரிவுசெய்கிறோம்: கொழும்பிலிருக்கும் நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் சங்கத்துக்கான மூலோபாயத் திட்டம் வந்து சேர்ந்தது. நன்றி. 64 பக்கம், வழுவழுப்பான தாள், அட்டையில் எங்கள் பெயர். முழுவதும் ஆங்கிலம் என்பதால் என் மகள் இரண்டு இரவு உட்கார்ந்து எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். 31ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். லயன் அறைகளில் வசிக்கும் தோட்டத் தொழிலாளப் பெண்களின் கழிப்பறைத் தேவை பற்றி அங்கே ஒரு பந்தி இருக்கிறது. மூதூர் கிழக்கில் தேயிலை எந்த இடத்தில் வளர்கிறது என்று உங்கள் ஆலோசகரிடம் கேட்டுச் சொன்னால், அடுத்த மாரிக்கு நாங்களும் இரண்டு கன்று நட்டுப் பார்ப்போம்.

அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதர், மூன்று நாளும் சிரித்த முகம். ஆனால் அவரை நியமித்தது நீங்கள். பணிக்குறிப்பை எழுதியது நீங்கள். எங்கள் பெயரில் ஒதுக்கிய நிதியிலிருந்து அவருடைய கூலியைக் கழித்துக்கொண்டதும் நீங்கள். எங்கள் கள உத்தியோகத்தர் இருவரின் ஓராண்டுக் கொடுப்பனவைவிட அது கூடியது. ஆகவே மடல் உங்களுக்குத்தான். கேட்பது ஒன்று: எங்களுக்கு ஆலோசகர் தேவைப்பட்டால் அவரைத் தெரிவுசெய்யும் உரிமையை எங்களிடம் விடுங்கள். அவர் எழுதுவது தமிழில் இருக்கட்டும்.

அந்தத் திட்டத்துக்கான செயலமர்வு நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நடந்தது. எங்கள் கட்டடத்தில் படம் காட்ட வசதி இல்லையாம். மாசி அறுவடை நாள்கள் அவை. வயல் கூலியை விட்டுவிட்டு, விடியுமுன் சம்பூரில் பஸ் ஏறி, மூதூர், கிண்ணியா என்று சுற்றித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போனோம். பயணப்படி தந்தீர்கள், மறுக்கவில்லை. போன கூலிக்குப் படி இல்லை.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லவே இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

2006இல் போர் வந்து சம்பூர்ப் பக்கத்துச் சனம் ஓடி, கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அறிக்கைகளின் முதற்பக்கத்தில் அது தவறாமல் இருக்கிறது. முகாமில் இருந்தபோது, 2007இல், ஓர் ஆலோசகர் வந்து எல்லோரையும் உட்காரவைத்து ஊரின் வரைபடத்தை வரையச் சொன்னார். எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஆச்சியும் அவருடைய பக்கத்துக் காணிக்காரரும் டிமைத் தாள் என்கிற ஒரே பெரிய தாளில் வரைந்தார்கள். கிணறு, வேலி, வேலியோரத்து முதிரை மரம், வைரவர் கோயில் எல்லாம் அதில் இருந்தன. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். 2015இல் காணி திரும்பக் கிடைத்தபோது அங்கே வீடும் இல்லை, வேலியும் இல்லை, மரமும் இல்லை. மறு ஆண்டு வேறோர் ஆலோசகர் வந்தார். இன்னொரு படம் வரைந்தோம். அதுவும் கொழும்புக்குப் போனது.

எல்லை எது என்று ஆச்சிக்கும் அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் இன்றும் முடியாத பிணக்கு. 2007ஆம் ஆண்டுப் படம் காணி உறுதி ஆகாது, நீதிமன்றத்தில் செல்லாது, தெரியும். ஆனால் சண்டை தொடங்குவதற்கு முன்னர் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வரைந்தது அது. அதை நடுவில் விரித்துவைத்தால் பேச ஓர் இடம் கிடைத்திருக்கும்.

நிலாவெளியில் மூன்றாவது தடவையாகத் தாளும் நிறப் பேனைகளும் வந்தன. "முதல் வரைந்த இரண்டு படமும் எங்கே, தம்பி?" என்று ஆச்சி கேட்டார். "அவை வேறு திட்டத்துக்கு உரியவை, அம்மா" என்று பதில் வந்தது. ஆச்சி பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டார். பிறகு வரையவில்லை. 64 பக்கத்தில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது தெரியுமா? "மூத்தோரின் பங்கேற்பு ஆர்வம் குறைவு."

ஆலோசகரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிண்ணியாவில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் ஒருமுறை வந்தார். சிட்டை எழுதுவது, காசேட்டை முடிப்பது, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பஸ் காசும் மதியச் சோறும்தான் வாங்கினார். அதற்குப் பிறகு எங்கள் கணக்கில் எந்தக் கணக்காய்வும் குறை பிடிக்கவில்லை. ஆனால் அவர் உங்கள் ஆலோசகர் பட்டியலில் இல்லை. ஆங்கிலத்தில் தன்விபரக் கோவை இல்லாதவர் எப்படி இருப்பார்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதுகிறோம், தமிழில் பதில் வருகிறது. அரசாங்கத்தைவிட இறுக்கமான அலுவலகம் ஒன்று இருக்கக்கூடும் என்று உங்களைக் கண்ட பிறகுதான் அறிந்தோம்.

2016இல் இஸ்தான்புல் நகரில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் நிறுவனங்களும் ஒரு வாக்குறுதி கொடுத்தன. 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதமாவது உள்ளூர் அமைப்புகளுக்குக் "கூடுமானவரை நேரடியாக"ப் போய்ச்சேரும் என்றார்கள். அந்தக் "கூடுமானவரை"யில்தான் ஆலோசகர்கள் குடியிருக்கிறார்கள் போலும். ஐரோப்பிய ஒன்றிய மானியங்களில் அலுவலக நிர்வாகச் செலவுக்கு 7 சதவீதம் உச்சம். எங்கள் மின்கட்டணம் அதற்குள் அடங்கவேண்டும். ஆலோசகருக்கு மட்டும் வரவுசெலவுத் திட்டத்தில் தனி இடம்.

2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்ட பிறகு எல்லோருக்கும் ஒரே உபதேசம்: நிதி மூலங்களைப் பல்வகைப்படுத்துங்கள். எங்கள் திட்டத்தில் அதற்கு ஒன்பது பக்கம். சாரம், வெளிநாட்டிலுள்ள உறவுகளிடம் கேளுங்கள் என்பது. இது தெரியாமலா இங்கே கோயில் திருவிழாக்கள் நடக்கின்றன? திட்டம் வந்த வாரமே இன்னோர் ஆலோசகர் தொலைபேசியில் வந்தார்: முன்மொழிவை எழுதித் தருகிறேன், நிதி கிடைத்தால் பத்தில் ஒரு பங்கு தாருங்கள். அமெரிக்காவிலுள்ள நிதிதிரட்டல் வல்லுநர் சங்கத்தின் நெறிக்கோவை, திரட்டிய தொகையில் சதவீதம் வாங்கக்கூடாது என்கிறதாம். மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். உங்கள் பட்டியலில் உள்ளவர்களுக்கும் யாராவது சொன்னால் நல்லது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த ஆண்டுக்கான நிதியை ஒதுக்கும்போது ஆலோசனைக்கான பகுதியை எங்கள் கணக்கில் விடுங்கள். ஆளை நாங்கள் தெரிவுசெய்கிறோம், ஒவ்வொரு ரூபாய்க்கும் சிட்டை தருகிறோம். எழுதப்படுவது தமிழில் இருக்கட்டும், அதன் ஒரு படி எங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.

இன்னுமொன்று. 2007இல் கிளிவெட்டி முகாமில் வரைந்த அந்த டிமைத் தாள் உங்களில் யாருடைய களஞ்சியத்திலாவது சுருட்டியபடி கிடந்தால் அனுப்பிவையுங்கள். மடிந்திருந்தாலும் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. தபாற் செலவை நாங்கள் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
மூதூர் கிழக்கிலுள்ள ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர்,
திருகோணமலை மாவட்டம்