குசினியை முதலில் பாருங்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சியைக் கொண்டு எழுதுவித்த கடிதமும் அவளுக்குக் கட்டப்போகிற வீட்டின் பிளானும் கிடைத்தன. பதில் போடச் சுணங்கிவிட்டது, கோவிக்க வேண்டாம். நான் நல்ல சுகம். லண்டனை விட்டு இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தது வேலை வசதிக்காகத்தான், செங்கலடிச் சித்தப்பா சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். கடலென்றதும் நம் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையை நினைத்துவிடாதீர்கள். இங்கே காற்று காதுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி. மீனை மாவில் தோய்த்துப் பொரித்து உப்பும் வினாகிரியும் போட்டுத் தருவார்கள், புளியுமில்லை உறைப்புமில்லை. அம்மா அனுப்பின கூனி இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறேன்.

மேல்வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொல்ல வேணும். இந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டையோடு திரிகிற மனுசன், பூனையோடு விடிய விடியக் கதைப்பார், மனிதரோடு கதைக்கமாட்டார். முந்தி மேசனாம். நீங்களும் மேசன் என்று ஒருநாள் சொன்னேன், அவ்வளவுதான், போன கிழமை தன் காரில் ஏற்றி ராம்ஸ்கேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அங்கே அகஸ்டஸ் பியூஜின் என்ற கட்டடக் கலைஞரின் வீடும், பக்கத்திலேயே அவர் கட்டின புனித அகுஸ்தீனார் கோயிலும் இருக்கின்றன. நம் வீட்டுக் கலண்டரில் இருந்ததே பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரம், அதை வரைந்தவர் இவர்தான். வீட்டை 1843இல் தொடங்கியிருக்கிறார், கோயிலை 1845இல். கோயில் முழுக்கத் தன் சம்பாத்தியத்தில்! 1852இல் செத்துப்போனார், 40 வயது. கோபுரத்துக்கு உச்சி வைக்க முடியவில்லை, இன்றைக்கும் மொட்டையாகத்தான் நிற்கிறது. அவரை அடக்கம் செய்ததும் உள்ளேயேதான்.

கோயிலின் வெளிச்சுவர் சிக்கிமுக்கிக் கல், அப்பா. உடைத்த முகம் வெளியே தெரிய, கறுப்பாக மினுங்குகிறது, இடையிடையே வெட்டுக்கல் வரிசை. கிழவர் சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, நீங்கள் செய்கிற மாதிரியே வாய்க்குள் ஏதோ சொல்லித் தலையாட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பியூஜினின் வீட்டை இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள், வாடகையை நான் கேட்கவில்லை. உள்ளே எந்த அறை எங்கே வேணுமோ அதை முதலில் வைத்து, அதற்கேற்ற இடத்தில் யன்னல் விட்டிருக்கிறார். முகப்பு இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கவேணுமென்று அவருக்கு இல்லை. வீட்டுக் கோபுரத்தில் ஏறிக் கடலைப் பார்ப்பாராம், மணல்திட்டில் கப்பல் தட்டினால் படகெடுத்துக்கொண்டு போவாராம்.

கோயிலுக்குள் எங்களைத் தவிர ஒருவருமில்லை. மெழுகுதிரி மணத்துக்கு ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்து போனதெல்லாம் வந்துவிட்டது, தண்ணீர்ப் பந்தலைக் கண்டதும் அம்மா என் சேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாவே. இந்த முறையும் திருவிழாவுக்கு வரக் கிடைக்காது. இப்போதைக்கு அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

சரி, வீட்டு விசயம். தங்கச்சியின் சீதன வீடு, குறை வைக்கக் கூடாதுதான், ஆனால் வாசலில் நாலு தூண் வைத்த போட்டிக்கோ எதற்கு? மேல்தட்டும் இப்போது வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை. பிளானில் குசினி யன்னல் மதிலைப் பார்த்தல்லவா இருக்கிறது! வாவிப் பக்கம் மாற்றுங்கள், புகை போகும், அம்மம்மாவுக்கும் இருமல் குறையும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், மேலே பிறகு எடுக்கலாம் என்று அத்திவாரத்தை மட்டும் பலமாகப் போடுங்கள்.

இந்த மாதம் அனுப்புகிறது கொஞ்சம் குறையும், வங்கியில் ஏதோ சுணக்கம். சீமெந்துக்கும் கம்பிக்கும் காணும். மணலுக்குச் சின்னமாமாவிடம் கடனாகக் காசு மாறுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். வந்தாறுமூலை மாமி காணி உறுதியில் கையெழுத்து வைத்தாவா இல்லையா என்று தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள், அது முடியாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். நீங்கள் சாரக்கட்டில் ஏறவும் வேண்டாம், ஆள் பிடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்