ஈப்போ மரத்தில் ஏறியவன்

புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த படமும் கிடைத்தன. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, தடியின் துணையில்லாமல் கடைத்தெருவரை போய்வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. படியேறும்போது மட்டும் வலிக்கிறதாமே. நம் வயதில் படி என்றாலே வலிதான். மருத்துவரைக் குறை சொல்லாதே. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. பேரனும் கூடவே போய்விட்டதால், என் மேசைமேல் வைத்த காகிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த ஒழுங்கை நான் ரசிக்கவில்லை என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

படத்துக்கு வருகிறேன். மலேசியாவில் உங்கள் ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரம் நிற்கிறது. அடியில் டாக்சி ஓட்டுநர் ஒருவர் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிடுகிறார். "இதுதான் எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த விஷ மரமாம். இத்தனை வருடம் இதன் நிழலில் நின்றிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டிருக்கிறாய். பட்டையைக் கீறாதவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் நீ கேட்டது ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியாரிடம். அனுபவி.

உங்கள் ஈப்போ மரத்துக்குத் தாவரவியல் பெயர் ஆன்டியாரிஸ் டாக்சிகேரியா. ஜாவாவில் உபாஸ் என்பார்கள். ஆலும் பலாவும் சேர்ந்த குடும்பம்தான் அதற்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. நெட்டாவில் என்றும் மரவுரி மரம் என்றும் சொல்வார்கள். கிளையையோ தண்டையோ வேண்டிய நீளத்துக்கு வெட்டி, பட்டை தளரும்வரை அடித்து, முழுதாக உருவி எடுத்தால் தையலே இல்லாத சாக்கு கிடைக்கும். ஒரு நுனியில் கொஞ்சம் கட்டையை மட்டும் அறுக்காமல் விட்டுவைப்பார்கள். அதுவே சாக்கின் அடிப்பாகம். மலபாரிலும் குடகிலும் இப்படிச் செய்த சாக்குகளில் நெல் கட்டினார்கள். அதே மரத்தின் பாலை உங்கள் பக்கத்து தெமியார், செமாய் பழங்குடி மக்கள் மூங்கிலில் பிடித்து, நெருப்பில் வற்றவைத்து, ஊதுகுழல் அம்பின் முனையில் தடவுகிறார்கள். அந்த அம்பு பட்டு விழுந்த குரங்கைச் சமைத்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். ரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்தும் பொருள், குடலுக்குள் போனால் அவ்வளவாக உடம்பில் சேர்வதில்லை. எந்தக் கல்லூரிக்கும் போகாமல் கண்டுகொண்ட விஷயம் இது.

கல்லூரிக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். 1783 டிசம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஃபூர்ஷ் என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை வைத்தியராக ஜாவாவில் இருந்தவராம். உபாஸ் மரத்தைச் சுற்றி 15 முதல் 18 மைல் தூரத்துக்குப் புல் பூண்டு கிடையாது, பறவை பறந்தால் விழுந்து சாகும், மரண தண்டனை பெற்ற கைதிகளைத்தான் பிசின் எடுத்துவர அனுப்புவார்கள் என்று எழுதினார். கண்ணாடி பதித்த தோல் முகமூடியை மாட்டி வழியனுப்பிவைக்கும் கிழ மதகுரு ஒருவரும் அதில் வருகிறார். முப்பது வருடத்தில் 700 பேருக்கு மேல் அனுப்பியதாகவும், இருபது பேரில் இருவர் திரும்பினாலே அதிகம் என்றும் அவர் சொன்னாராம். முழுப் புரளி. ஆனால் ஐரோப்பா அதை விழுங்கிவிட்டது. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின், படித்த மருத்துவர், 1789ல் அச்சான தன் செய்யுளில் அந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டார். அதற்குப் பிறகு அதைப் பிடுங்க யாராலும் முடியவில்லை.

புரளிக்கு ஒரு வேர் இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். ஜாவாவின் தியெங் மேட்டுநிலத்தில் எரிமலைப் பள்ளங்கள் இருக்கின்றன. பூமியிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தேங்கி நிற்கும், இறங்கிய பிராணிகள் அங்கேயே சாகும். 1979ல்கூட அந்தப் பகுதியில் நூறு பேருக்கு மேல் அப்படி மாண்டார்கள். ஆக, பள்ளத்தின் பழியை யாரோ மரத்தின்மேல் போட்டிருக்கிறார்கள்.

ஃபூர்ஷை ஏமாற்றுக்காரன் என்று தள்ளிவிடலாம். ரம்பியஸை அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1627ல் பிறந்த ஜெர்மானியர், டச்சுக் கம்பெனி ஊழியராக 1654ல் அம்போன் தீவுக்கு வந்தவர், 1702ல் சாகும்வரை அங்கேயே இருந்து கிழக்குத் தீவுகளின் செடிகொடிகளை எல்லாம் எழுதினார். 1670ல் பார்வை போய்விட்டது. 1674ல் பூகம்பம் வந்து மனைவியையும் பிள்ளையையும் கொண்டுபோனது. 1687ல் தீ விபத்தில் செடிகளின் படங்கள் எரிந்தன, மறுபடி வரையவைத்தார். பாதிக் கையெழுத்துப் பிரதியைக் கப்பலேற்றினார்கள். 1692ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். கம்பெனியின் ஜாவாத் தலைமையிடமான பத்தாவியாவில் கவர்னர் ஜெனரல் காம்பாய்ஸ் முன்யோசனையாக ஒரு நகல் எடுத்துவைத்திருந்ததால் தப்பியது. அதற்கு மேலும் கம்பெனி அதைப் பூட்டிவைத்தது. 1741ல்தான் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகத் தொடங்கியது. நம் பிச்சாவரத்தில் படகோட்டிகள் "தில்லைப் பால் கண்ணில் பட்டால் போச்சு" என்று எச்சரிக்கிறார்களே, அந்தத் தில்லை மரத்தையும் அவர் எழுதியிருக்கிறார். கண்ணைக் குருடாக்கும் மரத்தைப் பற்றிக் கண்ணில்லாத மனிதர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்த ரம்பியஸே உபாஸ் விஷயத்தில் கேள்விப்பட்டதை நம்பினார். மரம் இருந்தது வேறொரு தீவில், மக்காசாரில். அவர் இருந்தது அம்போனில். இறுக மூடிய தடித்த மூங்கிலுக்குள் ஒரு கிளை அவருக்கு வந்துசேர்ந்தது. மூங்கிலின்மேல் கை வைத்தாலே, குளிரிலிருந்து வெயிலுக்கு வந்ததும் உண்டாகும் குறுகுறுப்பு ஏற்பட்டது என்று எழுதுகிறார். மரத்தடியில் கொம்பு முளைத்த பாம்பு ஒன்று குடியிருப்பதாகவும், கோழி கொக்கரிப்பதுபோல் அது குரல் கொடுப்பதாகவும் சேர்த்துக்கொண்டார். மக்காசார் போர்களில் அந்த அம்புகளுக்கு டச்சுச் சிப்பாய்கள் நடுங்கினார்கள். வாந்தி எடுக்கவைக்க மலத்தைத் தின்னும் வைத்தியம்வரை போனார்கள் என்பதையும் அவர்தான் பதிவு செய்கிறார். மாற்று மருந்தாக அவர் சொல்லும் இன்னொன்று ஒரு கிழங்கு, நம் ஊர்த் தோட்டங்களில் வெள்ளையாகப் பூக்கும் விஷமூங்கில். உன் வீட்டு வாசலில்கூட அது இருக்கும், பார்.

நேரில் போய்ப் பார்த்தவர்கள் என்று இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு. அமெரிக்க மருத்துவர், தொட்டால் தோலை அரிக்கும் அமெரிக்கச் செடிகளைப் பற்றி 1798ல் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவர், 1801ல் ஜாவாவுக்கு வந்தார். ஜாவாவின் கிழக்குக் கோடியில் உள்ள பன்யுவாங்கியில் ஒரு கிழவர் தன் கண்முன்னால் விஷம் காய்ச்சியதை எழுதியிருக்கிறார். மரப்பாலை வடிகட்டி, கச்சோலம், வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் சாற்றை ஊற்றி, மிளகுத்தூள் போடுகிறார் கிழவர். ஏறக்குறைய நம் வீட்டு ரசம்! பிறகு ஒரு மிளகாய் விதையை நடுவில் போட, அது சுழன்று சுழன்று விளிம்புக்கு ஓடுகிறது. மறுபடி மிளகு, மறுபடி ஒரு விதை. விதை அசையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது என்று பொருள். மரப்பட்டைத் துணியைப் பற்றியும் ஹார்ஸ்ஃபீல்டு குறித்திருக்கிறார்: ஏழைகள் வயலில் உடுத்துவார்கள், சரியாகப் பதப்படுத்தாவிட்டால் மழையில் நனைந்ததும் தாங்கமுடியாத அரிப்பு எடுக்கும். 15 மைலுக்குப் புல் முளைக்காது என்று லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜாவாவில் அதே மரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்று நட்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் லெஷெனோ. இவர் எங்கள் ஊர்க்காரர் என்று நான் உரிமை கொண்டாடுவேன். ஆஸ்திரேலியக் கடற்பயணம் ஒன்றில் வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர், உடம்பு முடியாமல் 1803ல் திமோரில் இறங்கி, பிறகு ஜாவாவுக்குப் போனார். உபாஸ் மரத்துக்கு இன்றுள்ள தாவரவியல் பெயரை 1810ல் வைத்தவர் அவர்தான். பூத்த கிளை வேண்டும் என்று ஒரு ஜாவாக்காரரை ஏறச் சொன்னார். நூறடிக்கு மேற்பட்ட மரம். கால் வைக்க அவர் பட்டையை வெட்டிக்கொண்டே ஏறவேண்டியிருந்தது. 25 அடி ஏறுவதற்குள் தலைசுற்றி இறங்கிவிட்டார். வாந்தியும் மயக்கமுமாகப் பல நாள் கிடந்தார். வேறொருவர் உச்சிவரை போய்வந்தார், அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதன்பின் லெஷெனோ சிறிய மரம் ஒன்றை வெட்டச்சொல்லி, முறிந்த கிளைகளுக்கு நடுவே தானே நடந்தார், கையிலும் முகத்திலும் பால் தெறித்தது, உடனே கழுவிக்கொண்டார், தீங்கில்லை. மரத்தில் பல்லிகளையும் பூச்சிகளையும் கிளைகளில் பறவைகளையும் பார்த்ததாக எழுதிப் புரளிக்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தார்.

எனக்கு இந்த இடத்தில்தான் தொண்டையில் முள். பால் பட்ட லெஷெனோவின் கையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பல நாள் வாந்தி எடுத்துக் கிடந்தவர் பெயர் என்ன? உச்சிக்குப் போனவர் பெயர் என்ன? அந்தப் பூங்கிளைதான் பெயர் சூட்டலுக்கே ஆதாரம். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1828ல் இந்த மரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். மன்னன் ஒரு பார்வையால் அடிமையை மரத்திடம் அனுப்புகிறான். அவன் பிசினோடு திரும்பிவந்து காலடியில் விழுந்து சாகிறான். மன்னன் அம்புகளை அதில் தோய்த்து அண்டை நாடுகளுக்கு விடுகிறான். தாவரவியல்படி அத்தனையும் தவறு. ஆனால் அனுப்பப்பட்டவன் ஒருவன் இருந்தான் என்பதைக் கவிஞர் மறக்கவில்லை. நான் வகுப்பில் எத்தனையோ வருடம் பெயர் சூட்டியவர்களை மனப்பாடம் செய்யவைத்தேன், இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட "ஏறியது யார் சார்?" என்று கேட்கவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வராதே.

லெஷெனோ கதைக்கு மிச்சம் ஒன்று உண்டு. உபாஸோடு ஜாவாவில் இன்னொரு அம்பு விஷமும் அவருக்குக் கிடைத்தது. ஒரு கொடியின் வேர்ப்பட்டையிலிருந்து எடுப்பது. அதை வைத்து 1809ல் பாரிசில் மாஜாந்தி என்ற மருத்துவர் நாய்களிடம் சோதனை செய்தார். ஒரு நாயின் தொடையை ரத்தக் குழாய்கள் மட்டும் தொடுத்து நிற்கும்படி துண்டித்து, பாதத்தில் விஷத்தைச் செலுத்தினார். சில நிமிடங்களில் வலிப்பு வந்தது. விஷம் ரத்தத்தின் வழியே போய்த் தண்டுவடத்தைத் தாக்குகிறது என்று நிரூபணமானது. உடற்செயலியலில் பெரிய அடி. அந்த நாயை நினைத்தால் எனக்குப் பெருமை வருவதில்லை. 1818ல் பெல்லத்தியே, காவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் ஸ்ட்ரிக்னின் என்ற விஷப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எட்டிக் கொட்டையிலும் அதுதான், ஜாவாக் கொடியிலும் அதுதான். அப்போது லெஷெனோ எங்கே இருந்தார் தெரியுமா? 1816லேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார், அரசுத் தாவரவியலாளராக. ஜாவா மலைகளிலிருந்து பத்திரமாகச் சுமந்துபோன அதே விஷம், இங்கே ஊரைச் சுற்றி எட்டி மரங்களில் ஆரஞ்சு நிறத்தில் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. விடுதியில் சமையல்காரர் சாம்பாரை அளந்து ஊற்றும்போதெல்லாம் "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று சத்தமாகச் சொல்வாயே, அந்த எட்டிதான்.

1822வரை அவர் இங்கே இருந்தார். நீலகிரிக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டார். அங்கே ஒரு காசித்தும்பைக்கு அவர் பெயர். புதுச்சேரியிலிருந்து போன மாதிரியை வைத்து விவரித்த பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கும் அவர் பெயர். ஏறியவருக்கு ஒரு பூச்சிகூடக் கிடைக்கவில்லை.

போதும், கைவலிக்கிறது. தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் இரண்டு நாள் இங்கே இரு, பிறகு ஆனைமலைப் பக்கம் போகலாம்; நெட்டாவிலைக் காட்டுகிறேன். நடை கொஞ்சம் உண்டு, ஏற்றம் அதிகமில்லை. மரத்தில் ஏறச்சொல்ல மாட்டேன், பயப்படாதே. வனத்துறை அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். ஆகையால் முழங்கால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தேதியை உடனே எழுது. உங்கள் ஊர் வெள்ளைக் காப்பித்தூள் இரண்டு பொட்டலம் மறக்காமல் கொண்டுவா. வீட்டம்மா கேட்டதாகத் தங்கச்சியிடம் சொல்.

உன்
பழைய அறைத்தோழன்