வேற்றுக்கிரகத் திகில் படங்களை இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கள்: திரையரங்கு நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மல்டிபிளக்ஸ் நிர்வாகங்களுக்கும், திரையரங்கு உரிமையாளர்களுக்கும், ஆங்கிலப் படங்களை இங்கே வெளியிடும் விநியோகஸ்தர்களுக்கும்,

வணக்கம்.

ஆங்கிலப் படங்களை முக்கியமான காட்சியின் நடுவே நிறுத்தி நீங்கள் போடும் இடைவேளையைப் பற்றிய புகார் உங்களுக்குப் புதிதல்ல. கவுன்டரில் சொல்லியிருக்கிறோம், மேலாளரிடம் சொல்லியிருக்கிறோம், செயலியில் கருத்துக் கேட்கும்போதெல்லாம் எழுதியிருக்கிறோம். மறுபடியும் எழுத வைத்தது போன வாரம் நான் பார்த்த ‘எ கொயட் பிளேஸ்’ சிறப்புக் காட்சி.

2018இல் வந்த அந்தப் படம் மொத்தமே 90 நிமிடம். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த உயிரினங்களுக்குக் கண் தெரியாது, ஆனால் சின்னச் சத்தம் கேட்டாலும் பாய்ந்து வந்து கொன்றுவிடும். அதனால் ஒரு குடும்பம் மணல் கொட்டிய பாதையில் வெறுங்காலோடு நடந்து, சைகையில் பேசி, உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான அம்மா வீட்டில் தனியாக இருக்கும்போது பனிக்குடம் உடைகிறது. படியில் நிமிர்ந்து நிற்கும் ஆணியில் கால் பதிகிறது. கத்த முடியாது. கையிலிருந்த படச்சட்டம் விழுந்து உடைகிறது. அந்தச் சத்தத்துக்கு உயிரினம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கீழே அவள், படியில் அது, நடுவில் பிரசவ வலி.

இந்த இடத்தில் படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. ஒரு நகைக்கடை விளம்பரம் முழுச் சத்தத்தில் ஓடியது.

அதுவரை அந்த அரங்கு எப்படி இருந்தது தெரியுமா? ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. பாப்கார்னை வாயில் போட்டவர்கள் மெல்லாமல் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத இருநூறு பேர் திரையில் இருக்கும் ஒருத்திக்காகத் தங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்வது வீட்டு டிவியிலோ கைபேசியிலோ கிடைக்காத விஷயம். அதற்காகத்தான் உங்களிடம் காசு கொடுத்து வருகிறோம். படம் மறுபடி தொடங்கியபோது பாதிப் பேர் இன்னும் கேன்டீன் வரிசையில் நின்றார்கள். பிறகு டார்ச் அடித்துக்கொண்டு இருக்கை தேடி வந்தார்கள், பொட்டலங்களைப் பிரித்தார்கள். மகன் கொளுத்தும் வாணவெடிச் சத்தத்தின் மறைவில் அவள் முதல்முறையாக வாய்விட்டு அலறுகிறாளே, படம் அதுவரை சேர்த்து வைத்த அழுத்தமெல்லாம் உடைந்து வெளியே வரும் இடம் அது. யாரோ “எச்சூஸ் மீ, இது எஃப் வரிசையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்மேல் தப்பில்லை. அவரை அந்த நேரத்தில் வெளியே அனுப்பியது நீங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற இந்த வகைப் படங்களை நாளுக்கு ஒரு காட்சியாவது இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கள்.

மேலாளரிடம் கேட்டால் “விநியோகஸ்தர் கொடுத்தபடிதான் சார்” என்கிறார். யார் வைத்தாலும், படத்தைப் பார்க்காமல் நீளத்தைப் பாதியாக வகுத்து வைத்ததுபோல்தான் இருக்கிறது. வேற்றுக்கிரக உயிரை வைத்துப் பயமுறுத்தும் படங்களில் இந்தக் கணக்கு மிக மோசமாகப் போய் முடிகிறது. ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) 117 நிமிடம். ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் அவர் அவசரமே படமாட்டார். ஏழு பேர், ஒரு சரக்கு விண்கலம், வெட்டிப் பேச்சு, சம்பளத் தகராறு. ஒருவர் முகத்தில் ஒட்டியிருந்த பிராணி செத்து விழுந்துவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நம்மைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிவந்து, அங்கே அவர் மார்பைப் பிளந்துகொண்டு வேற்றுக்கிரக உயிரைப் பிறக்க வைக்கிறார். எவ்வளவு ரத்தம் பீய்ச்சும் என்று உடன் நடித்தவர்களுக்கே முழுதாகச் சொல்லவில்லை. முகங்களில் தெரியும் அதிர்ச்சி பலருக்கு நிஜம். அந்தக் காட்சி கிட்டத்தட்ட சரிபாதியில்தான் வருகிறது. வகுத்துப் பார்த்து வெட்டினால் கத்தி நேராக அங்கேதான் இறங்கும்.

ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982) படத்தில், யார் மனிதன், யார் மனித வேஷம் போட்ட வேற்றுக்கிரகப் பிராணி என்று ஒவ்வொருவர் ரத்தத்திலும் சுட்ட கம்பியை வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் பத்து நிமிடம் காபி குடித்துவிட்டு வந்தவனுக்கு அந்தச் சந்தேகம் ஆறிப்போயிருக்கும். சந்தேகமும் பயமும் மாவு மாதிரி. புளிக்க நேரம் கொடுக்க வேண்டும், நடுவில் திறந்து திறந்து கிளறக் கூடாது.

தமிழ்ப் படங்களின் இடைவேளையைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. நம் இயக்குநர்கள் இன்டர்வல் பிளாக்கை மனதில் வைத்தே திரைக்கதை எழுதுகிறார்கள். விளக்கு எரியும்போது நமக்கும் விசிலடிக்கத் தோன்றுகிறது. அது அவர்கள் கட்டிய வாசல். இந்தப் படங்களில் நீங்கள் சுவரை இடித்து வாசல் வைக்கிறீர்கள்.

இங்கே யாரும் இடைவேளை இல்லாமல் உட்கார மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். 1963இல் ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகம் போனதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த ஊர் இது. ரசிகனுக்குப் பொறுமை உண்டு. அவனை நம்பத்தான் நீங்கள் தயாராக இல்லை.

நம்பாதது இதில் மட்டுமா? இந்தப் படங்களில் பாதிக் கதை இருட்டில் நடக்கிறது, உங்கள் புரொஜக்டர் வெளிச்சமோ மங்கிக் கிடக்கிறது. இருட்டில் என்ன நகர்கிறது என்று இயக்குநர் மறைத்தது போக மீதியை நீங்கள் மறைத்துவிடுகிறீர்கள். சத்தம் அதிகம் என்று யாரோ சொன்னதற்காக ஒலியைக் குறைத்து வைக்கிறீர்கள், மெல்லிய சத்தங்களும் அதோடு போய்விடுகின்றன. படம் ஓடும்போதே இருக்கைக்குச் சாப்பாடு வருகிறது. கடைசிக் காட்சி கறுப்பாகும் முன்பே துடைப்பத்தோடு ஆள் நிற்கிறார். இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஒரு காட்சி, அதுவும் இரவு பத்தரை மணிக்கு. கூட்டம் வரவில்லை என்று அடுத்த வாரம் எடுத்துவிடுகிறீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். இவற்றைத் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் வருமானத்தில் கேன்டீனுக்குப் பெரிய பங்கு இருப்பது எங்களுக்கும் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இடைவேளை தேவைப்படும் என்பதும் நியாயம். அதனால் எல்லாக் காட்சிகளையும் மாற்றச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு காட்சியை இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கள். முன்பதிவு செய்யும் பக்கத்திலேயே அதைத் தெரியும்படி போடுங்கள். படம் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கேன்டீனைத் திறந்து வையுங்கள், வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். இடைவேளை விடும் காட்சிகளில், படத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்த ஒருவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். படம் ஃபைலாக வரும் இந்தக் காலத்தில் நிறுத்தும் இடத்தை மாற்றப் பெரிய செலவு ஆகாது. நீங்கள் மனது வைத்தால் போதும்.

அடுத்த வேற்றுக்கிரகப் படத்துக்கு முன்பதிவு திறக்கும்போது அப்படி ஒரு காட்சி இருந்தால், முதல் டிக்கெட்டை நான் எடுக்கிறேன். நண்பர்களையும் அழைத்து வருகிறேன். தயவுசெய்து பரிசீலித்துப் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அரங்குகளின் நெடுநாள் பார்வையாளன்,
கோயம்புத்தூர்