என் கையெழுத்து அப்படியொன்றும் அழகில்லை: பொறியியல் ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வகுப்பில் 62 பேர், அதில் பெண்கள் 7 பேர். இந்த நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய ஆய்வக ரெக்கார்டு நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் முழங்கால் உயரம் வரும். லேத்தில் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) நானே நின்று கடைந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மதிய வகுப்புக்குத் தேறுமா என்பதே சந்தேகம். இந்தக் கணக்கு எப்படி இப்படி ஆனது என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்களில் யாரும் என்னை லேத் பக்கம் போகாதே என்று சொன்னதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இதை எழுத இவ்வளவு காலம் ஆனது. புகார் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அப்படி யாருமே இல்லை.

நடப்பது இப்படித்தான். நான்கு பேர் கொண்ட குழு: மூன்று பையன்கள், நான். முடிந்தவரை பல குழுக்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு பிரித்துப் போடுகிறீர்கள். உள்ளே போனதும் ஒருவன் சக் சாவியை (லேத்தில் உலோகத் துண்டை இறுக்கும் சாவி) எடுத்துக்கொள்வான். இன்னொருவன் வெர்னியர் அளவுகோலை எடுப்பான். மூன்றாமவன் எதையும் எடுக்காவிட்டாலும் இயந்திரத்தை ஒட்டி இடம் பிடித்து நின்றுவிடுவான். நோட்டு மட்டும் மேசையில் கிடக்கும். “நீ எழுதிடேன், உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்.” அதுவரை என் கையெழுத்தை அவர்கள் பார்த்ததே கிடையாது. உண்மையில் அது கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே எழுதினேன். இரண்டாம் வாரம் அது வழக்கம். நான்காம் வாரம் அது விதி. என் பங்கும் இதில் உண்டு என்பதை மறைக்கவில்லை. எழுதுவது சுலபம், தப்பு செய்தால் அடித்துத் திருத்தலாம், மார்க்கும் கைக்கு எட்டும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க இயந்திரத்தில் தப்பு செய்வதைவிட அது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

இரண்டாமாண்டு செய்முறைத் தேர்வில்தான் வட்டியும் முதலுமாகக் கட்டினேன். எனக்கு வந்தது டேப்பர் டர்னிங், அதாவது உருளையை ஒரு முனை சிறுத்துவரும்படி கடைவது. அதன் செய்முறையை எனக்காகவும் பிறருக்காகவும் பலமுறை எழுதியிருக்கிறேன். பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கோணத்தின் டேன் மதிப்பு வரும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கோணத்தையும் சரியாகவே கண்டுபிடித்தேன். அந்தக் கோணத்துக்கு, வெட்டும் கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்டைத் திருப்ப, அதன் நட்டைத் தளர்த்த வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டியின் தோல் உரிந்தது. தேர்வாளர் என் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, “எழுத்துத் தேர்வில் நல்லா வாங்குவீங்க போல” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, ஆறுதல் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

பெண்ணுக்குப் பொறியியலில் ஒரு வேலையைக் கொடுத்து, அதே சமயம் பொறியியலைக் கொடுக்காமல் இருக்க முடியும். இது இன்று நேற்று கண்டுபிடித்த உத்தி இல்லை. எடித் கிளார்க் என்ற பெண் 1919-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மின் பொறியியல் முதுகலைப் பட்டம் பெற்றார், அங்கே அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பட்டம் கையில் இருந்தும் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அவரைக் கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டது. மின்கடத்துத் தடங்களின் கணக்கைச் சுலபமாக்க ஒரு வரைபடக் கணிப்பானையே உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை பிறகு 1925-இல் கிடைத்தது. அதே நிறுவனம் அவரைப் பொறியாளராக எடுத்துக்கொண்டது 1922-இல்தான், அதுவும் அவர் வேலையை விட்டு துருக்கிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்த பிறகு. கணக்கு நோட்டு அவருக்கு, ரெக்கார்டு நோட்டு எனக்கு.

“அவங்களுக்கு ஆர்வம் இருந்தா தானே முன்னாடி வருவாங்க” என்று சிலர் சொல்வீர்கள். சரி, ஆர்வத்தைப் பற்றியே பேசுவோம். முதல் நாளே சாவியை எடுத்த பையன் வீட்டில் பைக்கைக் கழற்றிப் பூட்டி வளர்ந்தவன். அவனுக்கு இருந்தது பழக்கம். அதை நாம் எல்லோரும், அவனையும் சேர்த்து, திறமை என்று எடுத்துக்கொண்டோம்.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்த்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 1995-இல் 7 சதவீதம், 2000-இல் 42 சதவீதம். ஏற்கெனவே நிரல் எழுதிய அனுபவத்துக்குச் சேர்க்கையில் கொடுத்த எடையைக் குறைத்தார்கள், அனுபவம் இல்லாதவர்கள் நுழைய முதல் பாடங்களில் தனி வழி வைத்தார்கள். மரியா க்ளாவே தலைவராக இருந்த காலத்தில் அங்குள்ள ஹார்வி மட் கல்லூரியும் தொடக்கநிலை கணினிப் பாடத்தை முன் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று என்று பிரித்தது. பாடத்தை யாரும் எளிதாக்கிவிடவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் ஆள் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வெல்டிங் பட்டறையிலேயே இது நடந்தது. அங்கே இருந்த பட்டறை உதவியாளர் குழுவே பிரிக்கவில்லை. “ஆளுக்கு அஞ்சு ராடு. முடிச்சாத்தான் வெளிய போகலாம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பற்றவைக்கும் கம்பியான அந்த ராடைத் தகட்டில் தீக்குச்சி உரசுகிற மாதிரி உரசச் சொன்னார். என் முதல் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது, பிடுங்கி எடுத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பொறி பிடித்தது, ஆனால் கை நடுங்கி, கொப்புளம் கொப்புளமாக ஒரு கோடு. ஐந்தாவதில் அந்தச் சத்தம் வந்தது, எண்ணெயில் ஏதோ சீராகப் பொரிகிற சத்தம். தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தபோது கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த பைக் பையனின் ராடு நாலாவது முறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. (மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பட்டறையில் மேலே அணியும் கோட்டு பற்றியும் சொல்ல வேண்டும். லேத் அருகே தொளதொள உடை கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அலமாரியில் இருப்பதெல்லாம் பெரிய அளவு. கை மடிப்பு அவிழ்ந்து தொங்கும் கோட்டோடு, சுழலும் சக்குக்குப் பக்கத்தில் நிற்பது எங்களில் பாதிப் பேருக்கு வாடிக்கை. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டுமே சேர்ந்து செய்ய இருந்த முதல் விண்வெளி நடை, இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு மேலுடை ஒன்றுதான் தயாராக இருந்தது என்பதால் மாறிப்போனது. அது நடந்தது அக்டோபர் 18-ஆம் தேதி, கிறிஸ்டினா கோச்சும் ஜெசிகா மெயரும் வெளியே வந்தபோதுதான். விண்வெளியிலேயே அந்தக் கதை என்றால் நம் அலமாரியைக் கேட்கவா வேண்டும்? பட்டறைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பதை ஏற்கெனவே மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. இங்கே நீட்டவில்லை.

கல்லூரிக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் நான் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி, கட்டிய முடி, கூர்ந்த பார்வை, எல்லாம் கச்சிதம். படம் எடுக்கும்போது அயர்னின் பிளக் தரையில் கிடந்தது. எடுத்து முடித்ததும் அதை வாங்கி, செருகி, வேலையைத் தொடர்ந்தவன் வேறு ஒருவன்.

நான் கேட்பது சலுகை இல்லை. ஆய்வக அட்டவணையில் சோதனையின் பெயர், தேதி, குழு எண் என்று மூன்று பத்தி இருக்கிறது. நான்காவதாக ஒன்று போடுங்கள்: அன்று இயந்திரத்தில் யார், அளப்பவர் யார், எழுதுபவர் யார். ஒவ்வொரு வகுப்புக்கும் அது மாறட்டும். நீங்களே மாற்றுங்கள், “உங்களுக்குள்ள பேசி வெச்சுக்கோங்க” என்று விட்டுவிடாதீர்கள். பேசினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். குழு பிரிக்கும்போது பெண்களை ஆளுக்கொரு மூலையில் தனியாகத் தூவாமல், இரண்டிரண்டு பேராகவாவது போடுங்கள். இன்னும் சில குழுவில் பெண்ணே இல்லாமல் போகும், போகட்டும். அந்தக் குழுவில் யார் ரெக்கார்டு எழுதுகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

எனக்கு இது உதவாது, ஐந்து மாதத்தில் போய்விடுவேன். முதலாண்டுக்கு வரும் திங்கட்கிழமை பட்டறை தொடங்குகிறது. நேற்று அந்தப் பக்கம் போனபோது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அட்டவணை இன்னும் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி ஒருத்தி