தபால்காரர் அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நின்றுபோயிருந்த பி.எம். கிசான் தவணை, அதாவது மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை, கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆதார் சரிபார்ப்பு, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு, நிலப் பதிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இடத்தில் சிக்கியிருந்தது. பட்ட பாடு ஊருக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் கிளை அஞ்சலகத் தபால்காரர் அண்ணனுக்கு, அதுவும் அவர் கொண்டுவந்த வெந்நீர் ஃபிளாஸ்க்குக்கு. சிரிக்காதீர்கள். கொழுந்து கிள்ளும் கையில் முதலில் தேய்வது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். தேயிலைக் கறையும் ரேகைக்குள் இறங்கிவிடும். உறைபனி மாதத்தில் தோல் வறண்டு வெடித்தால் ரேகைக் கருவி சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. மற்ற இடங்களில் அதே கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு, “படியல பாட்டி, அப்புறம் வாங்க” என்பார்கள். அண்ணன் விரல்களை வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்து, துண்டால் ஒற்றி, கருவியின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு, மோதிர விரலை வைக்கச் சொன்னார். அதுவும் ஏறாவிட்டால் இடது கை. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது, எது படிந்தாலும் செல்லும். “அழுத்தாதீங்க, ரேகை நசுங்கிடும், சும்மா வைங்க” என்று ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் சொன்னார். பல பாட்டிமாருக்கு அஞ்சலக வங்கிக் கணக்கு அப்படித்தான் திறந்தது.

பணம் எங்கே போனது என்று புரியவைத்தவரும் அவரே. தவணை 2000 ரூபாய், ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகிறது. கையில் இருக்கும் பாஸ்புக்கைப் புரட்டிப் பயனில்லை. எப்போதோ திறந்து மறந்த கணக்கில் சிலருக்குப் பழைய தவணைகள் அப்படியே கிடந்தன. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும்.

இ-சேவை மையத்துத் தங்கைக்கும், தோட்டக்கலை அலுவலருக்கும், சிட்டா நகலை அலைய விடாமல் சரிபார்த்துத் தந்த வி.ஏ.ஓ.வுக்கும் நன்றி. விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும்தான். ரேகை எதுவுமே படியாதவர்களுக்கு, 2023இல் வந்த முக அடையாள வழியில் கைபேசியிலேயே இ-கேஒய்சி என்ற ஆதார் சரிபார்ப்பை முடித்துக் கொடுத்தார்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண் சிமிட்டச் சொன்னால் போதும். குல்லாவைக் கழற்ற மறுத்த தாத்தாக்களைச் சமாளித்ததுதான் பெரிய வேலை.

பாக்கி இருப்பது பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கும் குடும்பங்கள். 1.2.2019க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை, ஆனால் நில உடைமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு உண்டு. பட்டாவைத் தாத்தா பெயரிலேயே விட்டுவைத்தால், ஆதாரும் வங்கியும் சரியாக இருந்தும் நிலப் பதிவில் ‘இல்லை’ என்றே காட்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டா நகல் மூன்றையும் எடுத்து வையுங்கள். அடுத்த தவணைக்கு முன் தாலுகா ஆபீசுக்கு நாங்களும் கூட வருகிறோம்.